கத்தியா, களிம்பா?

நாள்பட்ட ஆசனவாய் வெடிப்பு: அறுவை சிகிச்சைக்குத் தலையாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 6 மணி. வீட்டில் மற்றவர்கள் காப்பிக்குக் காத்திருக்க, ஒருவர் மட்டும் கழிவறைக் கதவைப் பார்த்தபடி நிற்கிறார். உள்ளே போக பயம். போனால் கண்ணாடித் துண்டு கிழித்துக்கொண்டு வருவது போன்ற வலி. வெளியே வந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு எரிச்சல். அலுவலக நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிகிறது. மூன்று மாதமாக இதே கதை. மனைவிக்குக்கூட பாதிதான் தெரியும்.

இவர் நாக்பூரில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், தில்லியில் இருக்கலாம். இந்தத் தொல்லைக்கு ஊரும் இல்லை, ஆண் பெண் பேதமும் இல்லை. ஒரு வழியாக வெட்கத்தை விட்டு வாயைத் திறக்கும்போது இப்படிப்பட்டவருக்கு நாலு திசையிலிருந்தும் யோசனை வருகிறது. தெருமுனை டாக்டர் ஒரு களிம்பு எழுதித் தருகிறார். அறுவை சிகிச்சை நிபுணர், 20 நிமிட வேலைதான், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். மின்கம்பத்தில் தொங்கும் விளம்பரத் தட்டி, கத்தியில்லை, ரத்தமில்லை, லேசர் என்கிறது. ஊரிலிருந்து போன் செய்யும் மாமாவோ, அந்த இடத்தில் மட்டும் கத்தி வைக்க விடாதே, அப்புறம் அடக்க முடியாமல் போய்விடும் என்று கலவரப்படுத்துகிறார்.

நாலு பேரில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. யாரும் முழு உண்மையும் சொல்லவில்லை. முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதான். அதற்கு அவருக்குக் கொஞ்சம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் மூலம் அல்ல

முதல் குழப்பம் பெயரில். ஆசனவாயில் எந்தத் தொல்லை வந்தாலும் தெற்கே மூலம், வடக்கே பவாசிர் என்று ஒரே பெயர்தான். உண்மையில் மூலம் என்பது ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தைகள் வீங்கி இறங்குவது. பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் போகும். பவுத்திரம் என்பது சீழ் வடியும் புரை. வெடிப்பு இரண்டிலும் சேராது. ஆசனவாயின் ஓரத் தோலில் நீளவாக்கில் ஏற்படும் ஒரு சின்னக் கிழிசல் அது. இறுகிய மலம் கழியும்போது கிழியும். சில சமயம் பேதியிலும் கிழியும். காகிதத்திலோ மலத்தின் மேலோ சிவப்புக் கோடாக ரத்தம் தெரியும். ஆனால் நோயாளியை ஆட்டி வைப்பது ரத்தமல்ல, வலி.

இந்த வேறுபாடு முக்கியம். ஏனெனில் மூலம் என்று தானே முடிவு செய்துகொண்டு மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவுகிறவர்கள் அதிகம். அந்தக் களிம்புகள் பலவற்றில் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். கொஞ்ச நேரம் வலி குறையும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவினால் அந்தத் தோல் மெலிந்துவிடும். வெடிப்பு அப்படியே இருக்கும்.

உடம்பில் எந்தக் கிழிசலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது. இது மட்டும் ஏன் ஆறுவதில்லை? விடை தோலில் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் உள் சுருக்குத் தசையில் இருக்கிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இரவும் பகலும் ஆசனவாயை மூடி வைத்திருக்கும் தசை இது. கிழிசலின் வலியில் இது இறுகுகிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் வராத புண் ஆறாது. ஆறாத புண் மறுபடி வலிக்கும், தசை மறுபடி இறுகும். 10-ல் 9 வெடிப்புகள் பின்பக்க நடுக்கோட்டில் வருவதற்கும் இதுவே காரணம் என்று கருதப்படுகிறது. இயல்பாகவே அங்கே ரத்த ஓட்டம் குறைவு.

ஆறிலிருந்து எட்டு வாரம் தாண்டியும் ஆறாவிட்டால் அது நாள்பட்ட வெடிப்பு. புண்ணின் ஓரம் தடித்துப்போகும். வெளிப்பக்கம் ஒரு சின்னத் தோல் மடிப்பு தொங்கும். பலர் இதைத்தான் தடவிப் பார்த்து மூலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புண்ணின் அடியில் தசை நார்கள் வெள்ளையாகத் தெரியும். அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்குவது இங்கேதான்.

தவிடு செய்யும் வேலை

புதிதாக வந்த வெடிப்புக்குக் கத்தி தேவையே இல்லை. 1986-ல் டென்மார்க் மருத்துவர் ஜென்சன் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் பாடம். முதல் முறையாக வெடிப்பு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அவர் கொடுத்தது தவிடும், வெதுவெதுப்பான நீரில் உட்காரும் குளியலும்தான். மூன்று வாரத்தில் 87 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. மரப்புக் களிம்பு மட்டும் தடவியவர்களில் ஆறியது 60 சதவீதம். அடுத்த ஆண்டு அவர் இன்னொன்றையும் காட்டினார். ஆறிய பிறகும் தினம் 15 கிராம் தவிடு சாப்பிட்டு வந்தவர்களில் 16 சதவீதம் பேருக்கே வெடிப்பு திரும்பியது. போலி மருந்து சாப்பிட்டவர்களில் 68 சதவீதம் பேருக்குத் திரும்பியது. தவிட்டைப் பாதியாகக் குறைத்தவர்களுக்குப் பலனும் கிட்டத்தட்ட இல்லாமல் போனது.

அந்தத் தவிடு செய்யும் வேலையை இங்கே இசப்கோல் செய்யும். உலகத்துக்கே இசப்கோல் அனுப்பும் நாடு இந்தியா. குஜராத்தின் உஞ்சா, சித்பூர் சந்தைகளில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் சரக்கு. ஆனால் இரவு ஒரு தேக்கரண்டி போட்டு அரை டம்ளர் நீரில் விழுங்கினால் அது பலன் தராது, சில சமயம் மலத்தை அடைக்கவும் செய்யும். நிறைய நீர் வேண்டும். கீரை, காய், பழம், முழு தானியம் வேண்டும். நாக்பூர் மருத்துவர் ஒருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மிளகாய் சாப்பிட்ட வாரத்தில் வெடிப்பு நோயாளிகளுக்கு வலியும் எரிச்சலும் கூடியது தெரியவந்தது. காரத்தைக் குறைக்கச் சொன்ன பாட்டி தப்பாகச் சொல்லவில்லை.

சொல்வது சுலபம். பேருந்து ஓட்டுநரும், விற்பனைப் பிரதிநிதியும், சுத்தமான கழிவறை இல்லாத கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வந்த உணர்வை அடக்குகிறார்கள். இவர்களுக்கு வெடிப்பு திரும்பத் திரும்ப வருவதில் ஆச்சரியமில்லை.

வெடிப்புக்கு வெடிமருந்து

தசையை வெட்டாமல் மருந்தால் தளர்த்த முடியுமா? 1990-களில் இதற்கு விடை கிடைத்தது. டைனமைட்டில் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின், நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் அதே மருந்து, 0.2 சதவீதக் களிம்பாக ஆசனவாயின் ஓரத்தில் தடவப்பட்டது. தசை தளர்ந்தது, ரத்த ஓட்டம் கூடியது, புண் ஆறத் தொடங்கியது. பின்னர் ரத்த அழுத்த மருந்தான டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பாக வந்தது. இரண்டும் இந்தியாவில் கிடைக்கின்றன.

நைட்ரோகிளிசரின் தடவியவர்களில் பலருக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். வயாகரா வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டில்டியாசெமில் தலைவலி குறைவு. சிலருக்கு அரிப்பு வரும்.

பலன்? இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2012 அறிக்கைப்படி, நைட்ரோகிளிசரின் களிம்பால் ஆறியது சுமார் 49 சதவீதம் பேருக்கு. போலிக் களிம்பு தடவியவர்களிலேயே சுமார் 36 சதவீதம் பேருக்கு ஆறியது. ஆறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னால் திரும்பியது. மொத்தத்தில் களிம்பு உதவுகிறது, ஆனால் அற்புதம் செய்வதில்லை.

அதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. களிம்பு பலிக்காவிட்டால் நஷ்டம் இரண்டு மாதமும் சில நூறு ரூபாயும்தான். நிறுத்தினால் தசை பழைய நிலைக்கு வந்துவிடும். கத்தி அப்படியல்ல. களிம்பு கேட்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் பத்து நாள் தடவி, வலி குறைந்ததும் விட்டவர்கள். தினம் இரண்டு வேளை, ஆறிலிருந்து எட்டு வாரம், கூடவே நார்ச்சத்து என்ற கணக்கை முடித்தவர்தான் களிம்பு தோற்றது என்று சொல்லலாம்.

கத்தி என்ன செய்கிறது?

வெடிப்புக்கான அறுவை சிகிச்சையில் வெடிப்பு வெட்டப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வெட்டப்படுவது தசை. முன்காலத்தில் மயக்கம் கொடுத்து விரல்களால் ஆசனவாயை இழுத்து விரித்தார்கள். எந்தத் தசை எவ்வளவு கிழிகிறது என்று யாருக்கும் தெரியாது. கட்டுப்பாட்டை இழந்தவர்கள் அதிகமானதால் அந்த முறை மதிப்பிழந்தது. 1951-ல் தென்னாப்பிரிக்காவின் ஐசன்ஹாமர் உள் சுருக்குத் தசையை மட்டும் வெட்டுவதை முன்வைத்தார். பின்பக்க நடுவில் வெட்டியபோது அங்கே பள்ளம் விழுந்து மலக்கசிவு ஏற்பட்டது. 1969-ல் லண்டனில் நோட்டராஸ் பக்கவாட்டில், தோலுக்கு அடியில் வெட்டும் முறையை விவரித்தார். இன்று டாக்டர்கள் எல்.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வது பக்கவாட்டில் வெட்டும் இந்த முறையைத்தான்.

தசையின் கீழ்ப்பகுதி மட்டுமே வெட்டப்படுகிறது. இறுக்கம் உடைகிறது, ரத்தம் பாய்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலேயே பழைய வலி போய்விடுகிறது. புண் சில வாரங்களில் ஆறுகிறது. குணமாகும் விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். கனடா மருத்துவமனைகளில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில் 82 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதம் கழித்து, கத்தி வைத்துக்கொண்டவர்களில் 92 சதவீதம் பேருக்குக் குணம். நைட்ரோகிளிசரின் தடவியவர்களில் 27 சதவீதம் பேருக்கு மட்டுமே. இத்தனை தெளிவான வெற்றி மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால்தான் அமெரிக்க பெருங்குடல் அறுவை மருத்துவர்கள் சங்கம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறையில், தகுந்த நோயாளிகளுக்குக் களிம்பைத் தாண்டி நேரடியாகவே இதைச் செய்யலாம் என்று சொன்னது.

மாமாவின் பயம்

அப்படியானால் மாமாவின் பயம் வீணா? இல்லை. வெட்டப்பட்ட தசை மறுபடி பழையபடி ஆவதில்லை. மூடி வைக்கும் சக்தியில் ஒரு பங்கு நிரந்தரமாகக் குறைகிறது. இறுக்கம் அதிகமாக இருந்தவருக்கு இந்தக் குறைவு தெரியாது. ஏற்கெனவே தளர்ந்திருந்தவருக்குத் தெரியும்.

எத்தனை பேருக்கு? ஹரியானாவின் பஞ்ச்குலாவைச் சேர்ந்த டாக்டர் பங்கஜ் கார்க்கும் சக ஆய்வாளர்களும் 22 ஆய்வுகளில் இருந்த 4,500-க்கும் அதிகமான நோயாளிகளின் நீண்டகால நிலையைத் தொகுத்து 2013-ல் வெளியிட்டார்கள். 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகைக் குறை இருந்தது. பெரும்பகுதி வாயுவை அடக்க முடியாதது (9 சதவீதம்), உள்ளாடையில் கறை படுவது (6 சதவீதம்). மலத்தையே அடக்க முடியாதவர்கள் 100-ல் ஒருவருக்கும் குறைவு.

அமெரிக்காவின் மாயோ கிளினிக் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. அறுவைக்குப் பின் ஏதோ ஒரு கட்டத்தில் 45 சதவீதம் பேருக்குச் சிறு கட்டுப்பாட்டுக் குறை இருந்தது. சராசரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது வாயு அடக்க முடியாதவர்கள் 6 சதவீதம், லேசாகக் கறைபடுவோர் 8 சதவீதம், மலம் அடக்க முடியாதவர்கள் 1 சதவீதம். தங்கள் வாழ்க்கையே இதனால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 3 சதவீதம்தான். முதல் சில வாரங்களில் ஏற்படும் கசிவு பெரும்பாலும் போய்விடுகிறது என்பதே இதன் பொருள்.

100-ல் 90 பேருக்கு மேல் நரக வேதனையிலிருந்து விடுதலை. ஏழில் ஒருவருக்குச் சிறு குறை. நூற்றில் ஒருவர் அளவுக்குப் பெரிய குறை. பேரம் இதுதான். இது எல்லோருக்கும் ஒரே பேரம் அல்ல என்பதில்தான் முடிவின் சூட்சுமம் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே நின்று பாடம் நடத்தும் ஆசிரியைக்கு, வாயு அடங்காதது சின்ன விஷயமல்ல. மூன்று மாதமாகச் சாப்பிடவே பயந்து 6 கிலோ இளைத்தவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பெண்களுக்கு ஆசனவாய்க் குழாய் ஆண்களைவிடக் குட்டை. பிரசவத்தில் தசை சேதப்பட்டிருக்கலாம். அது வெளியே தெரியாமலேயே இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் வெடிப்பில் தசை இறுகியே இருக்காது. அங்கே போய்த் தசையை வெட்டுவது வியாதிக்குச் சம்பந்தமில்லாத வைத்தியம். ஆயுதப் பிரசவம் ஆனவர்கள், முன்பே மூலத்துக்கோ பவுத்திரத்துக்கோ கத்தி வைத்துக்கொண்டவர்கள், வயதானவர்கள், அடிக்கடி பேதி ஆகிறவர்கள், இப்போதே எப்போதாவது கறைபடுகிறது என்பவர்கள் எல்லாம் முதலில் வேறு வழி பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் வெடிப்பு பெரும்பாலும் மலத்தை இளக்கினாலே ஆறிவிடும்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. போட்டாக்ஸ் ஊசி தசையைச் சுமார் மூன்று மாதம் செயலிழக்கச் செய்கிறது. அந்த அவகாசத்தில் பலருக்குப் புண் ஆறுகிறது. விலை அதிகம், வெடிப்பு திரும்பும் வாய்ப்பும் அதிகம், ஆனால் எதுவும் நிரந்தரமாக வெட்டப்படுவதில்லை. தசை தளர்ந்தவர்களுக்கு, பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடும் சிகிச்சை இருக்கிறது. தசையை வெட்டுவதிலும் அளவு உண்டு. வெடிப்பின் உயரத்துக்கு மட்டும் வெட்டினால் கட்டுப்பாட்டுக் குறை குறைகிறது, வெடிப்பு திரும்பும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

லேசர்? அது ஒரு கருவி. கத்தியால் வெட்டினாலும் லேசரால் வெட்டினாலும் வெட்டுப்படுவது அதே தசைதான். தசையைத் தொடாமல் புண்ணை மட்டும் லேசரால் சுட்டால், இறுக்கம் அப்படியே இருக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, எதால் வெட்டப் போகிறீர்கள் என்பதல்ல. எதை, எவ்வளவு வெட்டப் போகிறீர்கள் என்பதே.

வேறு சிலருக்கு அறுவைக்கு முன் நோயையே சந்தேகிக்க வேண்டும். நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் இருக்கும் வெடிப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட வெடிப்பு, வலியில்லாத வெடிப்பு, கூடவே எடைக்குறைவு, காய்ச்சல், நாள்பட்ட பேதி. இவை இருந்தால் காசநோயா, க்ரோன் என்ற குடல் அழற்சியா, எச்.ஐ.வி.யா, புற்றுநோயா என்று பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. 45 வயதைத் தாண்டியவருக்கு ரத்தம் போனால், வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே குடலையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவை மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. இது நிச்சயமாக வெடிப்புதானா, நடுக்கோட்டில்தான் இருக்கிறதா? என் தசை இறுகித்தான் இருக்கிறதா? எவ்வளவு வெட்டுவீர்கள்? கூடவே மூலத்துக்கும் ஏதாவது செய்யப் போகிறீர்களா, அது அவசியமா? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கசிவு வந்தது? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் ஒப்படைக்கலாம். முதல் சந்திப்பிலேயே, பரிசோதிக்கும் முன்பே தேதி குறிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நோயாளி தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வாரம் ஒழுங்காகக் களிம்பு தடவினேனா? தண்ணீரும் நாரும் சாப்பிட்டேனா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்து, வலியும் போகவில்லை, தசையும் இறுகியிருக்கிறது, ஆபத்துப் பட்டியலிலும் பெயர் இல்லை என்றால், மேலும் ஓராண்டு பயந்துகொண்டே காலம் தள்ளுவதில் எந்த வீரமும் இல்லை. அப்படித் தள்ளுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், மலத்தை அடக்குகிறார்கள், மலம் மேலும் இறுகுகிறது. தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு.

ஒன்று மட்டும் இரு பக்கத்துக்கும் பொது. களிம்பால் ஆறினாலும் கத்தியால் ஆறினாலும் இசப்கோலையும் தண்ணீரையும் விட முடியாது.

கழிவறை வாசலில் நிற்கும் அந்த மனிதர் இன்று செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. களிம்பை ஒழுங்காகத் தடவத் தொடங்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, எட்டு வாரம் தள்ளி இன்னொரு தேதியையும் வட்டமிட வேண்டும். அதற்குள் ஆறிவிட்டால் நல்லது. ஆறாவிட்டால் அன்று உட்கார்ந்து, மேலே சொன்ன பேரத்தைத் தன் வயது, தன் வேலை, தன் உடம்பு இவற்றோடு சேர்த்து எடை போட வேண்டும். மனைவியிடம் மீதிப் பாதியையும் சொல்லிவிட்டு எடை போட்டால் இன்னும் நல்லது. ஊரிலிருந்து மாமா மறுபடி போன் செய்யும்போது, சொல்ல ஒரு பதில் இருக்கும்.